எதைப் பிரிப்பது, எதைச் சேர்த்தே வைப்பது? – பிடிஆர்எஃப்எஸ் கேள்வி-பதில்

லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் சப்வால்யூம்களைப் (ஒரே பார்டிஷனுக்குள் தனித்தனியாகக் கையாளக்கூடிய உட்பிரிவுகள்) பிரிப்பது, மவுண்ட் செய்வது (ஒரு ஃபோல்டர் பாதையில் இணைப்பது) பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தந்திருக்கிறோம். கட்டளைகளும் பாதைகளும் ஒலிப்படி தமிழில் அச்சாகியுள்ளன. டெர்மினலில் வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும்; யூயூஐடி, பேக்மேன் -யூவில் வரும் யூ, சிஹெச்ஏடிடிஆர் +சியில் வரும் சி, ப்ரூன் என்று தொடங்கும் பெயர்கள் ஆகியவை மட்டும் பேரெழுத்தில்.

கேள்வி: 1 டிபி எஸ்எஸ்டியில் ஆர்ச் லினக்ஸ் நிறுவப் போகிறேன். ஒரு வழிகாட்டி இரண்டு சப்வால்யூம் போதும் என்கிறது. இன்னொன்று பதினைந்து வரை அடுக்குகிறது. எத்தனை வைப்பது? – வாசகர், கோவை

எண்ணிக்கையை விடுங்கள். சப்வால்யூமின் எல்லைதான் ஸ்னாப்ஷாட்டின் (அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைக்கும் நகல்) எல்லை. ஒரு சப்வால்யூமை ஸ்னாப்ஷாட் எடுத்தால் அதற்குள் இருக்கும் இன்னொரு சப்வால்யூம் அதில் சேராது. ஸ்னாப்ஷாட்டில் அந்த இடத்தில் காலி ஃபோல்டர் மட்டும்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஃபோல்டரையும் பார்த்துக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும்போது இதுவும் கூடவே பின்னால் போக வேண்டுமா?

/ஹோம் போகக் கூடாது. அப்டேட் கெட்டதற்காக நேற்று எழுதிய கட்டுரையை யாரும் இழக்க விரும்ப மாட்டார்கள். /வார்/லாக் போகக் கூடாது. எதனால் கெட்டது என்று பார்க்க அந்த லாக்தான் வேண்டும். /வார்/கேஷும் போகக் கூடாது. அதற்குள் இருக்கும் பேக்மேனின் (ஆர்ச்சின் பேக்கேஜ் மேலாளர்) பழைய பேக்கேஜ்கள்தான் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திருப்புவது) பாதியில் நின்றால் கைகொடுக்கும், தவிர ஸ்னாப்ஷாட்டில் கிடந்து இடத்தையும் தின்னும். இவற்றைத் தனித்தனி சப்வால்யூம் ஆக்குங்கள்.

மறுபக்கம், /யூஎஸ்ஆர், /ஈடிசி, பேக்கேஜ் தகவல்தளம் மூன்றும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே வர வேண்டும். ஆர்ச்சில் தகவல்தளம் /வார்/லிப்/பேக்மேன், டெபியனில் /வார்/லிப்/டிபிகேஜி. 'வார் எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும், மொத்தமாகப் பிரித்துவிடு' என்று சில வழிகாட்டிகள் சொல்வதை அப்படியே கேட்டால், ரோல்பேக்குக்குப் பிறகு பழைய புரோகிராம்களும் புதிய தகவல்தளமும் இருக்கும் சிஸ்டம் கிடைக்கும். பேக்மேன் எல்லாம் புதிதாக இருக்கிறது என்று சாதிக்கும். /யூஎஸ்ஆரில் இருப்பதோ போன மாதத்துக் கோப்புகள். ஓப்பன்சூசே /வாரை முழுதாகப் பிரித்து வைத்திருக்கிறதே என்றால், அவர்கள் ஆர்பிஎம் தகவல்தளத்தை /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்இமேஜ் என்ற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வேலையைச் செய்யாமல் அவர்கள் பட்டியலை மட்டும் நகலெடுப்பதில் பயனில்லை.

தனி ஆள் பயன்படுத்தும் மடிக்கணினிக்கு நாங்கள் சொல்வது: @ (ரூட், அதாவது /), @ஹோம், @லாக், @கேஷ், @ஸ்னாப்ஷாட்ஸ். ஸ்வாப் கோப்பு வேண்டுமென்றால் @ஸ்வாப். ஐந்தையும் ஒன்றுக்குள் ஒன்று வைக்காமல், எண் 5 கொண்ட மேல்மட்டத்தில் (எல்லா சப்வால்யூமுக்கும் வேரான இடம்) பக்கம்பக்கமாக உருவாக்கி எஃப்எஸ்டேப் (பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) வழியாக மவுண்ட் செய்யுங்கள். அப்போது @-ஐ மட்டும் தூக்கிவிட்டு வேறொன்றை அங்கே வைப்பது சுலபம். மற்ற நான்கும் அசையாது.

பெயரில் இருக்கும் @ வெறும் வழக்கம்தான், கோப்பு முறைமைக்கு அதில் எந்த அர்த்தமும் இல்லை. உபுண்டு வழக்கம் @, @ஹோம். ஃபெடோரா (2020இல் வந்த 33ஆம் பதிப்பிலிருந்து டெஸ்க்டாப்பில் பிடிஆர்எஃப்எஸ்தான் இயல்புநிலை) ரூட், ஹோம் என்று வைக்கும். டெபியன் இன்ஸ்டாலர் @ரூட்எஃப்எஸ் என்று ஒன்றை மட்டும் உருவாக்கும். டைம்ஷிஃப்ட் என்ற ஸ்னாப்ஷாட் கருவியைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மட்டும் பெயரைப் பாருங்கள். அது உபுண்டு முறையை எதிர்பார்த்து எழுதப்பட்டது.

கேள்வி: ஹோமுக்குத் தனிப் பார்டிஷன் வேண்டாமா? – வாசகர், ஈரோடு

வேண்டாம். சப்வால்யூம்கள் எல்லாம் ஒரே காலியிடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, ஒன்றுக்கு 100 ஜிபி என்று முன்கூட்டியே ஒதுக்கி மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. ஈஎஃப்ஐ பார்டிஷன் மட்டும் ஃபேட் வடிவில் தனியாக இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: எஃப்எஸ்டேபில் @-க்கு கம்ப்ரஸ்=இசட்எஸ்டிடி:1 என்றும், @ஹோமுக்கு கம்ப்ரஸ்=இசட்எஸ்டிடி:9 என்றும், வீடியோ வைத்திருக்கும் சப்வால்யூமுக்கு கம்ப்ரஸ் இல்லாமலும் எழுதினேன். ஃபைண்ட்எம்என்டி (மவுண்ட் ஆனவற்றைக் காட்டும் கட்டளை) பார்த்தால் மூன்றிலும் 1தான் காட்டுகிறது. – வாசகர், சென்னை

எழுத்துப்பிழை எதுவும் இல்லை. பிடிஆர்எஃப்எஸ் தனக்கென வைத்திருக்கும் மவுண்ட் விருப்பங்கள் (கம்ப்ரஸ், நோடேட்டாகவ், டிஸ்கார்ட் போன்றவை) முழுக் கோப்பு முறைமைக்கும் பொதுவானவை. முதலில் எந்த சப்வால்யூம் மவுண்ட் ஆகிறதோ அதன் விருப்பங்களே நிற்கும். அது பெரும்பாலும் ரூட்தான். பின்னால் வரும் வரிகளில் எழுதியது ஓசையில்லாமல் புறக்கணிக்கப்படும், பிழைச்செய்திகூட வராது. நோஏடைம், ஆர்ஓ, நோசூயிட், நோடெவ் போன்ற பொதுவான விருப்பங்கள் வேறு வகை. அவற்றை ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் தனித்தனியாக வைக்கலாம்.

ஆகவே எல்லா வரியிலும் ஒரே மாதிரி எழுதிவிடுங்கள், படிப்பவருக்குக் குழப்பம் வராது:

யூயூஐடி=… / பிடிஆர்எஃப்எஸ் நோஏடைம்,கம்ப்ரஸ்=இசட்எஸ்டிடி:1,சப்வால்=/@ 0 0

யூயூஐடி=… /ஹோம் பிடிஆர்எஃப்எஸ் நோஏடைம்,கம்ப்ரஸ்=இசட்எஸ்டிடி:1,சப்வால்=/@ஹோம் 0 0

யூயூஐடி எல்லா வரியிலும் ஒன்றேதான். கடைசி இலக்கம் 0: பூட் நேரச் சரிபார்ப்பு இதற்குத் தேவையில்லை, எஃப்எஸ்சிகே.பிடிஆர்எஃப்எஸ் எப்படியும் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். நோஏடைம் வைப்பது ஸ்னாப்ஷாட்டுக்காக. அது இல்லாவிட்டால் ஒரு கோப்பைப் படித்தாலே நேரக்குறிப்பு மாறி, ஸ்னாப்ஷாட்டோடு பகிர்ந்துகொண்டிருந்த மெட்டாடேட்டா துண்டுகள் பிரிந்து இடம் பிடிக்கத் தொடங்கும்.

ஒரு ஃபோல்டருக்கு மட்டும் கம்ப்ரஷன் வேண்டுமென்றால் 'பிடிஆர்எஃப்எஸ் ப்ராபர்ட்டி செட் ஃபோல்டர் கம்ப்ரஷன் இசட்எஸ்டிடி' என்று கொடுக்கலாம். இனி அதில் எழுதப்படும் கோப்புகளுக்கு அது பொருந்தும். வீடியோவுக்கென்று எதையும் அணைக்கத் தேவையில்லை. கம்ப்ரஸ் விருப்பம் ஏற்கெனவே சுருக்கப்பட்ட தரவைக் கண்டுகொண்டு விட்டுவிடும். கம்ப்ரஸ்-ஃபோர்ஸ் என்று எழுதியிருந்தால்தான் வீண் வேலை பார்க்கும்.

கேள்வி: நிறுவும்போது @, @ஹோம் மட்டும் வைத்தேன். இப்போது /வார்/லாக்-ஐத் தனியாகப் பிரிக்க வேண்டும். மறுபடி நிறுவாமல் முடியுமா? – வாசகர், திருநெல்வேலி

முடியும், சில நிமிட வேலைதான். லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து செய்யுங்கள். ஓடும் சிஸ்டத்தில் செய்தால் ஜர்னல் சேவை பழைய கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருக்கும்.

முதலில் மேல்மட்டத்தை மவுண்ட் செய்யுங்கள்:

மவுண்ட் -ஓ சப்வால்ஐடி=5 /டெவ்/என்விஎம்இ0என்1பி2 /எம்என்டி

எல்எஸ் /எம்என்டி கொடுத்தால் @, @ஹோம் இரண்டும் சாதாரண ஃபோல்டர்போல் தெரியும். தெரியவில்லை என்றால் தவறான பார்டிஷன், அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து:

பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் கிரியேட் /எம்என்டி/@லாக்

சிபி -ஏ --ரீஃப்லிங்க்=ஆட்டோ /எம்என்டி/@/வார்/லாக்/. /எம்என்டி/@லாக்/

லாக்/ என்பதற்குப் பின்னால் உள்ள புள்ளியை விடாதீர்கள், மறைந்த கோப்புகளும் அதனால்தான் வரும். ஆட்டோ என்பதற்குப் பதில் ஆல்வேஸ் என்று கொடுத்தால் ஜர்னல் கோப்புகளில் 'இன்வேலிட் ஆர்க்யுமெண்ட்' என்று முரண்டு பிடிக்கும். சிஸ்டம்டி தன் ஜர்னல் ஃபோல்டருக்கு நோகவ் குறியை (மாற்றங்களைப் புதிய இடத்தில் எழுதாமல் அதே இடத்தில் எழுதச் சொல்வது) வைத்திருக்கும். அந்தக் குறி உள்ள கோப்பையும் இல்லாத கோப்பையும் பிடிஆர்எஃப்எஸ் துண்டு பகிர விடாது. ஆட்டோ என்றால் அவற்றை மட்டும் முழுதாக நகலெடுத்துக்கொண்டு மேலே போகும்.

பிறகு பழைய ஃபோல்டரை லாக்.ஓல்ட் என்று பெயர் மாற்றி, அதே இடத்தில் காலியாக ஒரு லாக் ஃபோல்டர் உருவாக்குங்கள். மவுண்ட் வந்து உட்கார அந்த ஃபோல்டர் இருந்தாக வேண்டும். பழையதை அகற்றாமல் அதன் மேலேயே மவுண்ட் செய்தாலும் வேலை செய்யும், ஆனால் அடியில் மறைந்துபோன கோப்புகள் இடத்தைப் பிடித்தபடியே கிடக்கும். /எம்என்டி/@/ஈடிசி/எஃப்எஸ்டேபில் சப்வால்=/@லாக் என்று ஒரு வரி சேர்த்து ரீபூட். 'ஃபைண்ட்எம்என்டி /வார்/லாக்' கொடுத்தால் சாதனத்தின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்பில் [/@லாக்] என்று வர வேண்டும். ஃபெடோராவாக இருந்தால் எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு முத்திரைகளைச் சரிசெய்ய ரெஸ்டோர்கான் -ஆர்வி /வார்/லாக் என்பதையும் ஓட்டுங்கள். எல்லாம் சரியென்று பார்த்தபின் லாக்.ஓல்டை அழிக்கலாம்.

இந்த மாற்றத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட் எதற்காவது திரும்பினால் அதற்குள் இருப்பது பழைய எஃப்எஸ்டேப். @லாக் மவுண்ட் ஆகாது, லாக் மறுபடி @-க்குள்ளேயே விழும். அந்த வரியை மறுபடி சேர்க்க வேண்டும்.

கேள்வி: ஸ்னாப்பர் ரோல்பேக் கொடுத்தேன், வெற்றி என்று சொன்னது. ரீபூட் செய்தால் அதே கெட்ட சிஸ்டம்தான் வருகிறது. – வாசகர், யாழ்ப்பாணம்

ஸ்னாப்பர் என்ற ஸ்னாப்ஷாட் கருவியின் ரோல்பேக் செய்வது இதுதான்: நீங்கள் சொன்ன ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுதக்கூடிய நகல் ஒன்றை உருவாக்கி, அதை 'இயல்புநிலை சப்வால்யூம்' என்று குறித்துவைக்கிறது. எந்தப் பெயரும் சொல்லாமல் மவுண்ட் செய்யும்போது மட்டுமே அந்தக் குறிப்புக்கு மதிப்பு. உங்கள் எஃப்எஸ்டேபில் சப்வால்=/@ என்றோ, கெர்னல் வரியில் ரூட்ஃப்ளாக்ஸ்=சப்வால்=@ என்றோ வெளிப்படையாக இருந்தால் அதுதான் வெல்லும். ஓப்பன்சூசேயில் ரூட் வரி பெயரில்லாமல் இருக்கும், அதனால் அங்கே இது சரியாக வேலை செய்கிறது. மற்ற இடங்களில் க்ரப் (பூட்லோடர்) தானாகவே ரூட்ஃப்ளாக்ஸை எழுதிவைத்துவிடும்.

உங்களைப் போல @ என்று பெயர் வைத்தவர்கள் கையாலேயே மாற்றுவது மேல். லைவ் யூஎஸ்பியில் சப்வால்ஐடி=5 என்று மவுண்ட் செய்துவிட்டு:

எம்வி /எம்என்டி/@ /எம்என்டி/@பழைய

பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் ஸ்னாப்ஷாட் /எம்என்டி/@ஸ்னாப்ஷாட்ஸ்/42/ஸ்னாப்ஷாட் /எம்என்டி/@

42 என்பது ஸ்னாப்பர் காட்டும் எண், உங்களுடையதைப் போடுங்கள். 'பழைய' என்ற இடத்தில் ஆங்கிலத்தில் எந்தப் பெயரும் தரலாம். இரண்டாவது கட்டளைக்குப் பதில் ஸ்னாப்ஷாட்டையே எம்வி செய்து @ ஆக்க நினைக்காதீர்கள்: அது பெரும்பாலும் படிக்க மட்டுமே ஆனது, சிஸ்டம் எழுத முடியாமல் திணறும். உங்கள் ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டர் தனி @ஸ்னாப்ஷாட்ஸ் ஆக இல்லாமல் @-க்குள்ளேயே இருந்தால் அது @பழையவோடு போய்விட்டிருக்கும். அப்போது ஸ்னாப்ஷாட்டை எடுக்கும் பாதையும் @பழையவுக்குள்தான் இருக்கும். எடுத்து முடித்ததும், புதிய @-க்குள் இருக்கும் காலி .ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரை ஆர்எம்டிர் செய்துவிட்டுப் பழையதை அங்கே நகர்த்துங்கள்.

ஏற்கெனவே கொடுத்த ரோல்பேக் இயல்புநிலையை மாற்றிவைத்திருக்கிறது. 'பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் செட்-டிஃபால்ட் 5 /' என்று பழையபடி ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை பெயர் சொல்லாமல் மவுண்ட் செய்யும்போது @, @ஹோம் எதுவும் தெரியாமல் பதறுவீர்கள்.

கேள்வி: அப்படித்தான் கையால் திருப்பினேன். 'எமர்ஜென்சி மோட்' என்று நின்றுவிட்டது. – வாசகர், பெங்களூரு

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஜர்னலில் 'சப்வால் … டஸ் நாட் மேட்ச் சப்வால்ஐடி' என்று இருந்தால் எஃப்எஸ்டேபில் இரண்டும் எழுதப்பட்டிருக்கிறது. ஆர்ச்சில் எஃப்எஸ்டேபை உருவாக்கித் தரும் ஜென்எஃப்எஸ்டேப் அப்படி எழுதுவதுண்டு. புதிய @-க்குப் பெயர் அதே, எண் வேறு. சப்வால்ஐடி பகுதியை அழித்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

'அன்னோன் ஃபைல்சிஸ்டம் டைப் விஃபேட்' என்று இருந்தால் கதை வேறு. உங்கள் /பூட் ஈஎஃப்ஐ பார்டிஷனில் இருக்கிறது, அது ஸ்னாப்ஷாட்டுக்கு வெளியே. கெர்னல் புதிது, /யூஎஸ்ஆர்/லிப்/மாட்யூல்ஸ் பழையது. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட்டின் தொடக்கத்தில் கெர்னல் பயன்படுத்தும் சிறு தொகுப்பு) பிடிஆர்எஃப்எஸ் மாட்யூல் இருப்பதால் ரூட் மவுண்ட் ஆகிவிடும். அடுத்து /பூட்டை மவுண்ட் செய்ய விஃபேட் மாட்யூலைத் தேடும்போது இந்தக் கெர்னலுக்கு அது இருக்காது. லைவ் யூஎஸ்பியில் @, @கேஷ், /பூட் மூன்றையும் மவுண்ட் செய்து, ஆர்ச்-சிஹெச்ரூட் (நிறுவிய சிஸ்டத்துக்குள் நுழையும் கட்டளை) போய், பேக்மேன் -யூ கொடுத்து /வார்/கேஷ்/பேக்மேன்/பிகேஜியில் உள்ள பழைய லினக்ஸ் பேக்கேஜை நிறுவுங்கள். ஸ்னாப்ஷாட்டில் இருக்கும் மாட்யூல் ஃபோல்டரின் எண்ணும் அந்தப் பேக்கேஜின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஈஎஃப்ஐ பார்டிஷனை /ஈஎஃப்ஐ-க்கு மாற்றி, /பூட் @-க்குள்ளேயே இருக்கட்டும். க்ரப் பிடிஆர்எஃப்எஸ்ஸைப் படிக்கும். சிஸ்டம்டி-பூட் படிக்காது; அதை விட மனமில்லாதவர்கள் ஒவ்வொரு ரோல்பேக்கிலும் கெர்னலைக் கவனித்தே ஆக வேண்டும்.

கேள்வி: @பழையவை அழிக்கப் போனால் 'டைரக்டரி நாட் எம்ப்டி' என்கிறது. – வாசகர், மதுரை

அதற்குள் வேறு சப்வால்யூம் இருக்கிறது. நீங்கள் உருவாக்கவில்லை, சிஸ்டம்டி உருவாக்கியது: ரூட் பிடிஆர்எஃப்எஸ்ஸில் இருந்தால் /வார்/லிப்/போர்ட்டபிள்ஸ், /வார்/லிப்/மெஷின்ஸ் இரண்டையும் அது சப்வால்யூமாகவே அமைக்கும். 'பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் லிஸ்ட் -ஓ' கொடுத்துப் பார்த்து, உள்ளே இருப்பவற்றை முதலில் அழித்துவிட்டு வெளியே வாருங்கள். டாக்கர் (கண்டெய்னர் மென்பொருள்) தன் பிடிஆர்எஃப்எஸ் டிரைவரைப் பயன்படுத்தினால் பட்டியல் நீளமாக இருக்கும்.

கேள்வி: விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் கோப்பு, போஸ்ட்க்ரெஸ் தகவல்தளம், ஸ்வாப் கோப்பு – இவற்றுக்கெல்லாம் நோகவ் வைக்கச் சொல்கிறார்கள். எப்படி, எங்கே? – வாசகர், சிங்கப்பூர்

நடுநடுவே சிறுசிறு துண்டாக எழுதப்படும் பெரிய கோப்புகள் இவை. ஒவ்வொரு எழுத்தும் புதிய இடத்துக்குப் போவதால் கோப்பு ஆயிரக்கணக்கான துண்டாகச் சிதறும். ஃபோல்டரை உருவாக்கியதுமே, காலியாக இருக்கும்போது, சிஹெச்ஏடிடிஆர் +சி கொடுங்கள். பின்னால் கொடுத்தால் ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்குப் பலிக்காது; சிபி --ரீஃப்லிங்க்=நெவர் என்று புதிய ஃபோல்டருக்குள் நகலெடுத்து, எல்எஸ்ஏடிடிஆரில் சி எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள்.

கொடுக்கும் விலையும் தெரிந்திருக்க வேண்டும். நோகவ் கோப்புக்குச் செக்சம் (தரவு கெட்டதா என்று கண்டறியும் சரிபார்ப்பு எண்) கிடையாது, கம்ப்ரஷனும் கிடையாது. இரண்டு டிஸ்கில் ரெய்ட்1 (ஒரே தரவின் இரட்டை நகல்) வைத்திருந்தாலும் இரண்டு நகலில் எது கெட்டது என்று பிடிஆர்எஃப்எஸ்ஸுக்குச் சொல்லத் தெரியாது. போஸ்ட்க்ரெஸ்ஸில் அதன் சொந்தச் செக்சத்தை இயக்கி வையுங்கள். இந்த ஃபோல்டர்கள் தனி சப்வால்யூமில் இருப்பதும் அவசியம்: ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு ஒவ்வொரு துண்டும் முதல்முறை மாறும்போது புதிய இடத்தில்தான் எழுதப்படும். மணிக்கொரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் +சி வைத்ததற்கே பொருளில்லை.

ஸ்வாப் விஷயத்தில் இது கட்டாயம். இயங்கும் ஸ்வாப் கோப்பு இருக்கும் சப்வால்யூமை ஸ்னாப்ஷாட் எடுக்கவே முடியாது, 'டெக்ஸ்ட் ஃபைல் பிஸி' என்று மறுக்கும். ஸ்வாப்பை @-க்குள் வைத்துவிட்டு ஸ்னாப்பர் வேலை செய்யவில்லை என்று குழம்புவது இதனால்தான். @ஸ்வாப்பை /ஸ்வாப்பில் மவுண்ட் செய்து:

பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் எம்கேஸ்வாப்ஃபைல் --சைஸ் 8ஜி /ஸ்வாப்/ஸ்வாப்ஃபைல்

பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸ் 6.1இலிருந்து இந்தக் கட்டளை இருக்கிறது, நோகவ் குறியையும் அதுவே வைத்துவிடும். கெர்னல் 5.0 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

கேள்வி: ஹோமில் 200 ஜிபி அழித்தேன். காலியிடம் கொஞ்சமும் கூடவில்லை. – வாசகர், திருச்சி

ஸ்னாப்ஷாட்கள் பிடித்துவைத்திருக்கின்றன. ஸ்னாப்பரின் இயல்பான டைம்லைன் அமைப்பு மணிநேர ஸ்னாப்ஷாட்கள் 10, தினசரி 10, மாதாந்திரம் 10, ஆண்டு ஸ்னாப்ஷாட்கள் 10 என்று வைத்துக்கொள்ளும். ஹோமில் அப்படியே விட்டால் இன்று அழித்த திரைப்படம் பல மாதம் டிஸ்கிலேயே இருக்கும். ஹோமுக்கு மணிநேர ஸ்னாப்ஷாட்கள் 5, தினசரி 7, மற்றவை 0 என்பது எங்கள் பரிந்துரை. டவுன்லோட்ஸ், .கேஷ் இரண்டையும் ஹோமுக்குள்ளேயே தனி சப்வால்யூமாக மாற்றிவிட்டால் அவை ஸ்னாப்ஷாட்டில் சேராது. இங்கே ஒன்றுக்குள் ஒன்று வைப்பதில் தவறில்லை, எஃப்எஸ்டேப் வரியும் வேண்டாம்.

ஸ்னாப்ஷாட்டை அழித்ததும் இடம் உடனே திரும்பாது, பின்னணியில்தான் சுத்தம் நடக்கும். 'பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் சிங்க் /' கொடுத்துக் காத்திருந்து, டிஎஃப்-ஐ நம்பாமல் 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூஸேஜ் /' பாருங்கள். அதில் 'அன்அலோகேட்டட்' ஏறக்குறைய 0 ஆக இருந்தால் 'பிடிஆர்எஃப்எஸ் பேலன்ஸ் ஸ்டார்ட் -டியூஸேஜ்=10 /' என்று பத்து சதவீதத்துக்கும் குறைவாக நிரம்பிய துண்டுகளைச் சேர்க்கலாம். டிஃப்ராக்மெண்ட் கட்டளையை மட்டும் இந்த நேரத்தில் ஓட்டாதீர்கள். அது ஸ்னாப்ஷாட்டோடு உள்ள பகிர்வை உடைத்து இன்னும் இடத்தை விழுங்கும்.

கேள்வி: லொகேட் கட்டளை ஹோமில் உள்ள எதையும் காட்டவில்லை. – வாசகர், புதுச்சேரி

லொகேட்டுக்கான கோப்புப் பட்டியலைத் தயாரிக்கும் அப்டேட்டிபி, சப்வால்யூம் மவுண்ட்டை 'பைண்ட் மவுண்ட்' (ஒரு ஃபோல்டரை இன்னொரு பாதையிலும் காட்டுவது) என்று எண்ணித் தாண்டிப் போகிறது. /ஈடிசி/அப்டேட்டிபி.கான்ஃப் கோப்பில் ப்ரூன்_பைண்ட்_மவுண்ட்ஸ் என்பதை 'நோ' ஆக்குங்கள். கூடவே ப்ரூன்நேம்ஸ் வரியில் .ஸ்னாப்ஷாட்ஸ் சேருங்கள். இல்லாவிட்டால் ஒரே கோப்பு ஸ்னாப்ஷாட்டுக்கு ஒரு முறை என்று வரிசையாக வந்து நிற்கும்.